மேப்பிளுக்குக் கவ்வாத்து

1

இன்று காலை பஸ் தரிப்பிடத்தில் சிவபாலன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தால் நான் முதலில் என் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்ப்பேன். ஏதாவது ஒன்று பிழையாக இருக்கும்.

"இண்டைக்கு ஒரு வருசம். திவசம் ஒண்டும் வைக்கேல்லையோ?" என்றார்.

"யாருக்குங்க?"

"நீர் வெட்டின ஏழு பேருக்கும்தான்."

அவருடைய சிரிப்பைப் பார்த்து, தமிழ் தெரியாத இரண்டு பேரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. நான் முன்பக்கம் ஏறினேன், அவர் நடுவில் உட்கார்ந்தார். பத்து வருடமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம். பேசுகிற பாஷை ஒன்று, பக்கத்துப் பக்கத்து சீட்டில் மட்டும் இன்னும் உட்காரவில்லை.

பதுளையில் இருந்து போன் எடுக்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "அங்க எப்படி, நல்லா இருக்கீங்களா?" நானும் கிளிப்பிள்ளை மாதிரி "நல்லா இருக்கேங்க" என்கிறேன். பனியில் நின்று எடுத்த போட்டோவையும் அனுப்பிவிடுகிறேன். இந்த முறை அப்படி எழுதப் போவதில்லை. ஒரு முழுத் தெருவும் என்னை ஒரு வருடமாக வெறுத்தது. காரணம் இல்லாமலும் இல்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன். சிவபாலனுக்குத் தெரிந்த யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது நல்லது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நான் ஸ்பிரிங்வெளிக்காரன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, எட்டு வருடம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி, பிறகு வெளிநாடு வந்தவன். கனடாவில் ஒரு சின்ன நகரத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன். நான் துடைத்த தரையில் அடுத்த நிமிடமே யாராவது நடந்து போவார்கள். அது தப்பில்லை, தரை நடப்பதற்குத்தான். ஆனால் இத்தனை வருடத்தில் இந்த ஊரில் நான் செய்தது என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை. அந்த ஏழு மரங்கள் வரும்வரை இல்லை.

2

எங்கள் தெரு புதுத் தெரு. வீடு கட்டியவர்கள் ஒரு புல்லைக்கூட விடாமல் வழித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் உண்டு. அது வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லை, நகரத்துக்குச் சொந்தம். அங்கே மரம் நட்டு, அதைப் பார்த்துக்கொள்ளத் தெருவாசிகளுக்கே பயிற்சி கொடுக்கும் ஒரு குழு இருக்கிறது. சம்பளம் கிடையாது. பச்சை நிறத்தில் கையில்லாத ஒரு சட்டையும், கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தருவார்கள்.

நான் லயத்தில் இருந்தவரை ஒரு மரம்கூட நட்டதில்லை. "நாளைக்கு எந்த லயத்துக்கு மாத்துவாங்களோ, யாருக்குடா நடுற?" என்பார் அப்பா. அதனால்தானோ என்னவோ, அந்தக் குழுவின் விளம்பரத்தைப் பார்த்ததும் கை அரித்தது.

படிவம் நான்கு பக்கம். இந்த நாட்டில் தும்முவதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள், எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி: கிளை வெட்டிப் பராமரித்த அனுபவம் எத்தனை வருடம்? மற்றவர்கள் எல்லோரும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். நான் 'எட்டு' என்று எழுதினேன். பொய் இல்லை. எட்டு வருடம், மழையோ பனியோ, விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கத்தியோடு மலை ஏறியவன்.

குழுவை நடத்தும் மார்கரெட் அந்த எட்டைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தார். நான்கு சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும், "நீங்கள் தொண்டர் மட்டுமல்ல, உங்கள் தெருவுக்குப் பயிற்சியாளரும் நீங்களே" என்றார். எந்த மரத்தில் எட்டு வருடம் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஏழு மேப்பிள் கன்றுகள் வந்தன. என்னைவிட ஒரு முழம் உயரம், என் பெருவிரல் தடிப்பு. ஏழு வீட்டு வாசலில் ஏழு. ஏழையும் நட்டவன் நான். தெருவாசிகள் ஆறு பேர் மண் தள்ளினார்கள். பயிற்சியில் சொன்னபடி குழியை அகலமாக வெட்டி, வேர் பிரிகிற இடம் மண்ணுக்கு வெளியே தெரியும்படி நிறுத்தினேன். ஏழாவது மரம் எங்கள் வீட்டு வாசலில். அன்று மாலை என் மகள் நிலானி அதன் பக்கத்தில் நின்று தன்னையே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை அப்பா செய்த ஒன்றோடு நின்று படம் எடுத்தது அதுதான் முதல் தடவை.

3

அடுத்த வசந்தம், போன வருடம் இதே நாள், முதல் பயிற்சி வகுப்பு. ஆறு வீட்டில் இருந்தும் ஒவ்வொருவர் வந்திருந்தார்கள். என் இங்கிலீஷ் தரை துடைக்கும் அளவுக்குப் போதும், வகுப்பு எடுக்கப் போதாது. அதனால் நான் தமிழில் சொல்ல, நிலானி இங்கிலீஷில் சொன்னாள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மண் காயாமலிருக்கப் போடும் மரத்தூளை அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும், கொஞ்சம் தள்ளிப் பரப்புங்கள் என்றேன். தலையாட்டினார்கள். முதல் வீட்டுப் பெண் ஒருத்தி குறிப்பும் எடுத்தாள்.

சிவபாலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏதோ ஓர் அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். நிலானி எனக்குச் சொல்லவில்லை. 'டீ' என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு, எனக்கென்று தனியாகத் தமிழில் தந்தார்.

"உவை தோட்டக்காட்டு ஆக்கள். உவையின்ரை மரமெல்லாம் இடுப்புக்குக் கீழைதான். மரம் எண்டால் அண்ணாந்து பாக்கவேணும், குனிஞ்சு பாக்கிறதில்லை. என்ன, நான் சொல்லுறது சரிதானே?"

எங்கள் லயத்தில் இரண்டு காம்பரா தள்ளிப் பேச்சியக்கா இருந்தது. இப்படி யாராவது பேசினால், "என்ன வாய் இது, சாக்கடைக்கு மூடி போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். எனக்கு அந்த நேரம் வாய் வரவில்லை. கை வந்தது.

மரக் கத்தரியை எடுத்தேன். "பாருங்க" என்றேன்.

இங்கே உங்கள் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கொழும்பில் கடை வேலைக்குப் போய் மறந்திருப்பார்கள். தேயிலை ஓங்கி வளர்ந்துவிட்டால் கொழுந்து எட்டாது. அதனால் சில வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம், அது கவ்வாத்து. சின்னக் கன்றாக இருக்கும்போதே நடுத்தண்டை வெட்டிவிடுவதும் உண்டு. அப்போதுதான் பக்கக் கொப்பு வந்து செடி பரவும். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஒரு வெட்டில் முடிக்க வேண்டும். இரண்டாவது தடவை கத்தியை ஓங்கினால் கங்காணி, "என்னடா, மாமியா வீட்டுக்குப் பந்தக்கால் செதுக்குறியா?" என்று மலையே கேட்கக் கத்துவார்.

"நடுத்தண்ட வெட்டினாத்தான் பக்கம் பலமா பரவும்" என்று சொல்லி, முதல் மேப்பிளை இடுப்பு உயரத்தில் வெட்டினேன். ஒரே வெட்டு. சாய்வான, வழுவழுப்பான வெட்டு. இருபது வருடத்துக்கு மேல் கத்தி பிடிக்காத கை, ஒன்றையும் மறக்கவில்லை. நிலானி இங்கிலீஷில் சொன்னாள். முதல் வீட்டுப் பெண் கை தட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. இரண்டு. மூன்று.

மூன்றாவது மரத்தில் நிலானி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, ஷுவரா? புக்ல வேற மாதிரி இருந்துச்சே."

புத்தகத்தில் இருந்தது எனக்கும் தெரியும். காய்ந்த குச்சியைத் தவிர எதையும் தொடாதே, நடுத்தண்டைக் கனவிலும் தொடாதே என்று பயிற்சியில் சொன்னார்கள். தெரிந்தேதான் சொன்னேன். "அப்பாவுக்குத் தெரியும்மா. நீ சொல்லு."

அவள் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

ஏழையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முதல் மரத்தின் வெட்டு வாயில் தண்ணீர் சொட்டியது. பிறகு இரண்டாவதிலும். வசந்தத்தில் மேப்பிளுக்குள் சாறு ஏறும், வெட்டினால் வடியும். தேயிலை அப்படி வடியாது. நடைபாதையில் ஏழு ஈர வட்டம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, "ஏன் மரம் அழுவுது?" என்று தன் தாயிடம் கேட்டது. அதை மொழிபெயர்க்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

சிவபாலன் முதல் மரத்துக்கு வந்தார். போனை எடுத்து, சொட்டுகிற வெட்டுவாயைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தார். ஏழையும், வரிசையாக.

4

அந்தப் படம் மத்தியானத்துக்குள் தெருவெல்லாம் போய்விட்டது.

வெறுப்பு இந்த ஊரில் சத்தம் போடாது. அதுதான் பழக்கப்படக் கஷ்டம். எங்கள் லயத்தில் கோபம் என்றால் முற்றத்துக்கு வந்து, உன் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசிவிட்டு, சாயங்காலம் "கொஞ்சம் சீனி இருக்கா?" என்று வந்து நிற்பார்கள். இங்கே 'ஹலோ' நின்றது. குப்பைத் தொட்டி தள்ளும்போது நான் வந்தால் கதவு சாத்தப்பட்டது. எங்கள் வேலியில் யாரோ ஒரு கடதாசியை மாட்டியிருந்தார்கள். நிலானி அதைப் படித்துவிட்டுக் கிழித்து, துண்டுகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்குள் அதைவிட மோசம். "தரை துடைக்கத் தெரிஞ்ச ஆளு தரையத் துடைச்சிருக்கணும்" என்றாள் மனைவி. நிலானி அதுகூடச் சொல்லவில்லை. மேப்பிள் பக்கத்தில் எடுத்த படத்தைப் போனில் இருந்து அழித்துவிட்டாள். அழித்ததைச் சொல்லவில்லை, அழிப்பதை நான் பார்த்தேன்.

குழுவில் இருந்து கடிதம் வந்தது, மூன்று பக்கம். நூலகத்து அறையில் கூட்டம். தெரு முழுக்க வந்திருந்தது. மார்கரெட்டின் முகம் மூன்று நாள் ஊறின புண்ணாக்கு மாதிரி இருந்தது. பாவம், என்னைப் பயிற்சியாளராக்கியது அவர்தான், அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. என் படிவத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"எட்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன மரம்?"

"தேயிலை" என்றேன்.

"எவ்வளவு உயரம்?"

நான் இடுப்பில் கையை வைத்துக் காட்டினேன். அறை சிரித்தது. சிவபாலன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டியதை எல்லாம் முன்பே சிரித்து முடித்திருந்தார்.

பேசச் சொன்னார்கள். எழுந்து மூன்று நிமிடம் பேசினேன். கங்காணி, மலை, கத்தி, நடுத்தண்டு, என் ஆத்திரம், என் தப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். நிலானி நான்கே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். நான் மரத்தை வெட்டியதைவிடக் கட்டையாக அவள் என் பேச்சை வெட்டினாள்.

இலையுதிர் காலத்தில் ஏழையும் பிடுங்குவோம் என்றார் நகரத்து அதிகாரி. தலை போன மரம் நேராக வளராது, நாலைந்து தண்டு கிளம்பி ஒன்றையொன்று நெரிக்கும், பெருத்தபின் காற்றில் பிளந்து யார் தலையிலாவது விழும். புதுக் கன்று எப்போது வரும் என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். வரிசையில் நிறையத் தெருக்கள் இருக்கின்றன, சொல்ல முடியாது என்றார். அப்போதுதான் அவர்களுடைய கோபம் கொஞ்சம் பிரிந்து அதிகாரி பக்கமும் போனது.

நான் மறுபடி எழுந்தேன். "என்ன வேணும்னாலும் செய்ங்க. மரத்தப் பிடுங்காதீங்க. இந்தக் கோடைக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலை வரும். ஒரே ஒரு தலை. வர வைக்கலாம்."

இதை நிலானி முழுதாகச் சொன்னாள்.

அரை மணி நேரம் தங்களுக்குள் பேசினார்கள். முடிவு இதுதான். செப்டம்பரில் ஆள் வந்து பார்ப்பார். ஒரே தண்டு நேராக எழும்பியிருக்கும் மரம் நிற்கும், மற்றது போகும். அட்டையையும் பச்சைச் சட்டையையும் நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த மரத்திலும் என் கை படக் கூடாது. பட்டதாக யாராவது சொன்னால் ஏழும் போகும். அந்தந்த வீட்டு ஆள் அந்தந்த மரத்தைப் பார்க்க வேண்டும். நான் தள்ளி நின்று வாயால் சொல்லலாம்.

"உவர் சொல்லி நாங்கள் செய்யிறதோ?" என்றார் சிவபாலன், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில்.

"செய்யாவிட்டால் உங்கள் வாசல் மரம் போகும்" என்றார் மார்கரெட்.

5

வர வைக்கலாம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நாங்கள் செடியைப் பரவ வைப்பவர்கள். உயர வைத்துப் பழக்கமில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் இன்னும் ஸ்பிரிங்வெளியில்தான் இருக்கிறது. நாற்பது வருடம் கவ்வாத்து வெட்டிய ஆள். வீட்டில் சிக்னல் இல்லை, கோயிலுக்கு மேல் வளைவுக்கு வந்தால்தான் முகம் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏழையுமாடா?"

"ஏழையும்."

"நடுவுல ஒரு வெத்தல போடக்கூட நிக்கலியா?"

"ஒரு அம்மா கை தட்டிச்சுண்ணே."

"ஓ, கை வேற தட்டினாங்களா? நல்ல வேள, மால போடல. போட்டிருந்தா டவுனையே வெட்டிருப்ப." பிறகு இருமிவிட்டு, "இரு, காட்டுறேன்" என்று நடக்க ஆரம்பித்தது. போன் படம் ஆடியது. புல், சப்பாத்து, வானம், மறுபடி புல்.

அண்ணன் போய் நின்ற இடம் எனக்குத் தெரியும். வெட்ட ஆளில்லாமல் விட்டுப்போன மேல்மலை. நானும் அண்ணனும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டு போன மலை. இப்போது அங்கே தேயிலைச் செடி இல்லை. தேயிலை மரம் இருக்கிறது. அண்ணன் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரம். நூறு வருடமாக வெட்டி வெட்டி முழங்காலில் நிறுத்தி வைத்த அதே அடிமரம், முடிச்சு முடிச்சாக, அதிலிருந்து எழும்பிய தண்டுகள். நாம் வெட்டாமல் விட்டதும் அது பாட்டுக்கு மரமாகிவிட்டது. அத்தனை வருடமும் அது மரம்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"இந்தச் செடியப் பாரு. மேல எத்தன போவுது?"

"நாலஞ்சு போவுது. எல்லாம் கோணல்."

"சரி, இதப் பாரு."

அந்தச் செடி ஓரத்தில் நின்றது. ஒரே தண்டு, நெட்டுக்குத்தலாக.

"ஒண்ணு."

"ஏன்?"

"தெரியலண்ணே."

அண்ணன் போனைக் கீழே திருப்பியது. புழுக்கை. "ஆடு. லயத்து ஆடு இந்த ஓரம் வரைக்கும்தான் ஏறும். வாய்க்கு எட்டுற கொழுந்த எல்லாம் கடிச்சிட்டுப் போயிரும். எட்டாத ஒண்ணு மட்டும் மேல போயிருச்சு. வேற ஒண்ணுமில்ல. ஒண்ண விடு, மத்தத அப்பப்பக் கிள்ளு. விட்டதுக்கு ஒரு குச்சியக் கட்டு. உங்க தெருவுக்கு இப்ப வேண்டியது பயிற்சியாளர் இல்லடா, ஒரு ஆடு."

6

ஆட்டைச் சொல்லி நான் கோடை முழுக்கப் பயிற்சி கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை, நடைபாதையின் விளிம்பில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு பழைய கவ்வாத்துக்காரனுக்கு அது என்ன தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். கண் முன்னால் தப்பான இடத்தில் கத்தரி வைப்பார்கள். "அதில்ல, அதுக்குக் கீழ. இல்லம்மா, இன்னும் கீழ. கணுவுக்கு மேல. ஐயோ, அதில்ல." நிலானி 'ஐயோ'வை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வாள்.

வெட்டுவாய்க்குக் கீழே புதுத் துளிர்கள் வந்தன. சில மரத்தில் ஐந்து, சில மரத்தில் எட்டு. நேரான, தடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மூங்கில் குச்சியை அடிமரத்தோடு சேர்த்து நிறுத்தித் துணி நாடாவால் கட்டுங்கள், மற்றவற்றின் நுனியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கிள்ளுங்கள் என்றேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள், மரத்துக்குச் சாப்பாடு இலையில்தான் இருக்கிறது.

வந்தார்கள். அன்பில் வரவில்லை, மரம் போய்விடும் என்று வந்தார்கள். முதல் வீட்டுப் பெண் என்னைப் பார்க்காமல் நிலானியைப் பார்த்தே கேள்வி கேட்பாள். ஒருவர், "இதுவும் பிழையாகப் போனால் இவர் மேல் வழக்குப் போடலாமா?" என்று என் முன்னாலேயே விசாரித்தார். நிலானி அதை மட்டும் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். ஆனாலும் ஜூலையில் ஐந்து மரத்தில் ஐந்து தலை தெரிந்தது.

சிவபாலன் ஒரு நாளும் வரவில்லை. வகுப்பு நடக்கும்போது அவர் வீட்டுத் திரைச்சீலை மட்டும் ஒரு சாண் விலகி இருக்கும்.

ஏழாவது, எங்கள் வாசல் மரம். சட்டப்படி எங்கள் வீட்டு ஆள் பார்க்க வேண்டும். மனைவிக்கு மரத்தூள் பட்டால் மூச்சு முட்டும். நான் தொடக் கூடாது. மிச்சம் நிலானி.

"நான் தொட மாட்டேன்" என்றாள்.

"ஏம்மா? ஊரெல்லாம் சொல்லிக் குடுக்குற."

"சொல்றது நீங்க. நான் வாய் மட்டும்தான். கை இல்ல."

"ரெண்டு நிமிச வேல."

"அப்பா, அன்னைக்கு நான் கேட்டேன். ஷுவரான்னு கேட்டேன். அப்பாவுக்குத் தெரியும்னீங்க. நான் அத எல்லார்கிட்டயும் சொன்னேன். என் வாயால சொன்னேன். இப்ப காலேஜ் பஸ்ல என்ன யாருன்னு சொல்றாங்க தெரியுமா?"

"யாருன்னு?"

"விடுங்க."

எங்கள் மரத்தில் மூன்று துளிர் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு ஏறியது. நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். இடது பக்கத்துத் தண்டுதான் சரி. ஜூன் மாதமே தெரியும். "போய்க் கட்டுங்க, யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி. யார் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும், திரைச்சீலை விலகித்தான் இருக்கிறது. என் ஒன்றுக்காக மற்ற ஆறும் போகும். போகவில்லை. ஜன்னலிலேயே நின்றேன். ஆகஸ்ட் போனது.

7

செப்டம்பரில் நகரத்தில் இருந்து ஓர் இளைஞன் வந்தான். ஒரு கையில் பலகையில் செருகிய தாள், மறு கையில் ஆரஞ்சு நிறப் பெயின்ட். பெயின்ட் அடித்தால் அந்த மரம் முடிந்தது. தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். நான் படியில்.

ஐந்து மரத்தையும் சுற்றிப் பார்த்தான், குச்சியை ஆட்டிப் பார்த்தான், எழுதினான். பெயின்ட் அடிக்கவில்லை. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆறாவது சிவபாலனுடையது. ஒரு நாளும் வகுப்புக்கு வராதவரின் மரம். தெருவிலேயே அதுதான் அழகாக இருந்தது. ஒற்றைத் தண்டு, தூண் மாதிரி. கட்டு, கிள்ளு, எல்லாம் நான் சொன்ன அளவு.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான் இளைஞன்.

"யூடியூப்" என்றார் சிவபாலன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு எங்கள் வாசல். மூன்று தண்டு. அவன் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. பெயின்ட் டப்பாவைக் குலுக்கினான். உள்ளே குண்டு உருளும் சத்தம்.

"இந்த மரத்தை யார் பார்க்கிறது?"

நான் வாயைத் திறந்தேன். நான் தொடக் கூடாதவன் என்று சொல்ல இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அதற்குள் பின்னாலிருந்து நிலானி படியிறங்கினாள்.

"நான்தான்" என்றாள். "பார்க்கல. என் தப்பு. இப்ப பார்க்கலாமா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அடுத்த தெருவில் நான்கு மரம் இருக்கிறது, முடித்துவிட்டு இந்த வழியாகத்தான் போவேன் என்றான். போனான்.

நிலானி கத்தரியோடு மரத்தின் முன்னால் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

"எது?" என்றாள்.

"இடது பக்கம். அதுதான் நேரா இருக்கு."

அவள் குனிந்து ஒவ்வொன்றையும் அடியில் தொட்டுப் பார்த்தாள். "இது ஒட்டியிருக்குற இடம் வெடிச்சிருக்கு."

"இல்லம்மா. அது பட்டை. நான் மூணு மாசமா பாக்குறேன்."

"ஜன்னல்ல இருந்து பாத்தீங்க."

எதிர் வாசலில் இருந்து சத்தம் வந்தது. "பிள்ளை, கொப்பா சொல்லுறது சரி. இடப் பக்கம்தான் நேர். வலப் பக்கம்தான் றோட்டுக்குச் சாயுது!" பத்து வருடத்தில் சிவபாலன் என்னைச் சரி என்று சொன்னது அதுதான்.

நிலானி நிமிர்ந்தாள். அவரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றாள், தமிழில், தெருவே கேட்க.

வெட்டினாள். இடது தண்டு விழுந்தது. நடுத் தண்டையும் பாதியாகக் குறைத்தாள். மிச்சமிருந்தது வலது, ரோட்டுப் பக்கம் சாய்ந்தது. மூங்கில் குச்சியை ஊன்றி, அதை இழுத்து நிமிர்த்தி, நாடாவால் கட்டினாள். விழுந்த இடது தண்டை எடுத்து, நான் நின்ற படிக்கு எறிந்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வெடிப்பு, நகம் நுழையும் அளவுக்கு.

அவன் திரும்பி வந்தான். கட்டை இழுத்துப் பார்த்தான். நிலானியிடம் ஏதோ கேட்டான், அவள் ஏதோ சொன்னாள். தாளில் எழுதினான். பெயின்ட் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

"என்ன எழுதினான்?" என்று கேட்டேன்.

"என் பேர."

"வேற?"

"அடுத்த வருசமும் நான்தான் பாக்கணுமாம். வேற ஒண்ணும் இல்ல. நீங்க உள்ள போங்கப்பா."

உள்ளே போனேன். ஜன்னலில் நிற்கவில்லை.